ப்ளூ ஜாகர் தோடும் கிம்பர்லிக் குழியும்: முதன்முறை போகிறவர்களுக்கு

எங்கள் பாட்டியின் ஏழுகல் தோட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் வீட்டில் எல்லோரும் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்கள். "அசல் ப்ளூ ஜாகர், பெல்ஜியம் கட்டிங். இப்ப எங்கே கிடைக்குது?" ஜாகர் என்பது ஏதோ பழைய நகைக்கடைக்காரர் பெயர் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்த பிறகு ஒருநாள் வரைபடத்தில் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது ஓர் ஊர்: யாகர்ஸ்ஃபொன்டெய்ன். அந்தப் பெயரின் தொடக்கத்தை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'யா' என்பார்கள், ஆங்கிலத்தில் படித்தால் 'ஜா'. அந்த ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்த, லேசாக நீலம் ஓடும் வெள்ளைக் கல்லுக்கு வைரச் சந்தை வைத்த பெயர்தான் ஜாகர். கும்பகோணத்துக் கடைவீதியில் ஆசாரி சொன்ன சொல், நான் இருக்கும் இடத்திலிருந்து அரைநாள் கார்ப் பயணத்தில் ஓர் ஊராக உட்கார்ந்திருந்தது.

யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தை 1971-ல் மூடிவிட்டார்கள். பயணிகள் போய்ப் பார்ப்பதற்கென்று மேடை, காட்சியகம், வழிகாட்டி எல்லாம் ஒழுங்காக இருப்பது அதன் பெரிய அண்ணனான கிம்பர்லியில், வைரத்துக்காகத் தோண்டிய பெருங்குழி இருக்கும் ஊரில். இங்கே புதிதாக வந்து, நீண்ட வார இறுதிக்கு எங்கே போகலாம் என்று யோசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் க்ரூகர் காட்டையும் கேப் டவுனையும் தாண்டி யோசிப்பதில்லை. "ஒரு குழியைப் பார்க்க ஐந்து மணி நேரம் ஓட்டுவாங்களா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஓட்டலாம். ஆனால் சரியாகப் போகவேண்டும். முதல் தடவை நான் சரியாகப் போகவில்லை.

என்ன செய்தேன் என்றால், டிசம்பர் மாதத்தில் காலை பத்து மணிக்கு மெதுவாகக் கிளம்பி, வழியில் இரண்டு இடத்தில் சாப்பிட நிறுத்தி, மதியம் நாலு மணிக்குக் குழிக்கரையில் போய் இறங்கினேன். உடன் மாமியார், இரண்டு வாண்டுகள். மேடையில் ஏறி நாலு படம் எடுத்தோம். வானம் கறுத்து இடி இடித்தது. ஓடி வந்து காரில் ஏறினோம். மாமியார் சொன்னார்: "நெய்வேலியில இதைவிடப் பெருசா இருக்கே." அவர் சொன்னது பரப்பளவில் உண்மைதான். ஆனால் நெய்வேலியைத் தோண்டியது ராட்சத இயந்திரம். இதைத் தோண்டியது மண்வெட்டியும் கடப்பாரையும். அது எனக்கே அன்று உறைக்கவில்லை. இரண்டாம் தடவை போய்த்தான் புரிந்துகொண்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

எப்போது, எப்படி

கிம்பர்லி நார்தர்ன் கேப் மாகாணத்தின் தலைநகர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம், சுற்றிலும் வறண்ட புல்வெளி. கோடையில், அதாவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வெயில் நம் வேலூரை நினைவூட்டும். பிற்பகலில் இடிமழை வேறு. ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். என் கணக்கில் ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பரும் நல்லவை. ஏப்ரலில் ஈஸ்டர், சுதந்திர நாள் என்று விடுமுறைகள் நெருக்கி வரும். வெளியில் நிற்கவும் முடியும்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்-12 நெடுஞ்சாலையைப் பிடித்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று சொல்வார்கள். கண்ணைத் திறந்துகொண்டே போங்கள், பள்ளங்கள் உண்டு. பாச்செஃப்ஸ்ட்ரூம், க்ளெர்க்ஸ்டோர்ப், வொல்மரான்ஸ்ஸ்டாட், ப்ளூம்ஹோஃப், கிறிஸ்டியானா, வாரன்டன், அப்புறம் கிம்பர்லி. மொத்தம் 475 கிலோமீட்டர் சொச்சம். நிறுத்தங்களோடு ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டர்பனிலிருந்து வருபவர்களுக்கு 800 கிலோமீட்டர் பக்கம் ஆகும். என்-3-ல் ஹாரிஸ்மித் வரை ஏறி, ப்ளூம்ஃபொன்டெய்ன் போய், அங்கிருந்து என்-8-ல் மேற்கே 165 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் ஓட்டவேண்டாம், ப்ளூம்ஃபொன்டெய்னில் தூங்கி எழுந்து போங்கள். விமானமும் உண்டு, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சிறிய விமானம். ஆனால் கார் இல்லாமல் இறங்கினால் மற்ற இடங்களைப் பார்க்க வாடகைக் கார் பிடிக்க வேண்டியிருக்கும்.

ப்ளூம்ஃபொன்டெய்னில் தூங்குங்கள் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். இதை சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு பெரியவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுவோம். "எங்க காலத்துல ஃப்ரீ ஸ்டேட்டுல தூங்கினா போலீஸ் வந்து எழுப்பும் தம்பி" என்றார். உண்மை. ஆசியர்கள் அந்த மாகாணத்தில் குடியிருக்கக்கூடாது, வியாபாரம் செய்யக்கூடாது என்று 1890-களின் தொடக்கத்தில் போட்ட சட்டம் 1986 வரை இருந்தது. கிம்பர்லி பக்கம் உறவினர் கல்யாணத்துக்குப் போவதென்றால் அவர் அப்பா மாலையில் டர்பனில் காரைக் கிளப்பி, புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு இரவு முழுக்க ஓட்டுவாராம். எங்கேயும் தங்கமாட்டார். இப்போது அதே சாலையில் நாம் விடுதிக்கு மதிப்பெண் பார்த்து அறை பிடிக்கிறோம்.

வண்டி விஷயத்தில் புதியவர்களுக்குச் சில குறிப்புகள். இங்கும் இடதுபக்க ஓட்டம்தான், அதில் சிக்கல் இல்லை. பெட்ரோல் பங்க்கை 'காரேஜ்' என்பார்கள். நீங்களே நிரப்பவேண்டாம், ஆள் வந்து நிரப்பிக் கண்ணாடியும் துடைத்துத் தருவார், அவருக்குச் சில ரேண்ட் கொடுப்பது வழக்கம். வழி கேட்டால் "மூணாவது ரோபோட்டுல திரும்பு" என்பார்கள், ரோபோட் என்றால் சிக்னல். க்ளெர்க்ஸ்டோர்ப்பைத் தாண்டினால் ஊர்களுக்கிடையே தூரம் அதிகம், அலைபேசிச் சமிக்ஞை விட்டுவிட்டு வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். பள்ளமும் தெரியாது, குறுக்கே வரும் கால்நடையும் தெரியாது, எதிரே லாரிகள் வரிசையாக வரும்.

சாப்பாடு: சுத்த சைவம் என்றால் வழியில் கஷ்டம். ஊர்ப்பக்க உணவகங்களில் இறைச்சிதான் பிரதானம், சைவம் என்று கேட்டால் உருளைக்கிழங்கு வறுவலும் சீஸ் வைத்த ரொட்டியும் வரும். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த நாட்டுக்காரர்களும் வழிக்கென்று கட்டிக்கொண்டுதான் போகிறார்கள், அதற்கு 'பாட்கோஸ்' என்று தனிப்பெயரே இருக்கிறது. தண்ணீர் ஐந்து லிட்டர் கேன் ஒன்று காரில் இருக்கட்டும். கிம்பர்லியில் குழாய்த் தண்ணீர் நின்றுபோகும் நாட்கள் உண்டு.

ஓர் இரவு தங்குங்கள். இதில் மட்டும் பிடிவாதமாகச் சொல்கிறேன். முதல்நாள் பிற்பகல் ஊர் சேர்ந்து, ஓய்வெடுத்து, மறுநாள் காலை குழி திறந்ததும் உள்ளே நுழையவேண்டும். காலை வெளிச்சத்தில்தான் மேற்குச் சுவரின் நிறங்கள் தெரியும். திறக்கும் நேரம், கட்டணம், வழிகாட்டியோடு போகும் சுற்று எப்போது என்பதையெல்லாம் கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழிக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியது

வரலாற்றை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேடையில் நிற்கும்போது அது வெறும் பள்ளமாகத்தான் தெரியும்.

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பனில் இறக்கியபோது, இந்த நாட்டில் வைரம் இருப்பது வெளியுலகுக்குத் தெரியாது. ஆறேழு வருடம் கழித்து, ஆரஞ்சு ஆற்றங்கரையில் ஹோப்டவுன் பக்கம் எராஸ்மஸ் ஜேக்கப்ஸ் என்ற சிறுவன் ஒரு பளபளப்பான கூழாங்கல்லை எடுத்தான். 21.25 கேரட். யுரேகா என்று பெயர் வைத்தார்கள். 1871 ஜூலையில் கோல்ஸ்பர்க் கொப்பி என்ற சிறு குன்றின்மேல் வைரம் கிடைத்தது. அந்தக் குன்றுதான் இன்றைய குழி. மேடு இருந்த இடம் மடுவானது.

ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து குவிந்தார்கள். குன்றைச் சதுரம் சதுரமாக, பக்கத்துக்கு 31 அடி, பங்கு பிரித்தார்கள். நம் ஊரில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, இது அதில் பாதிகூட இல்லை. ஒவ்வொருவரும் தன் சதுரத்தைத் தன் வேகத்தில் தோண்டினார்கள். பக்கத்துக்காரன் இருபது அடி கீழே, இவன் ஐந்து அடி. நடுவில் வண்டி போக விட்டிருந்த பாதைகள் இடிந்து விழுந்தன. பிறகு கரையில் மரச்சாரம் கட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு கம்பிவடம் இறக்கி, தோல்வாளியில் மண்ணை மேலே இழுத்தார்கள். அக்காலப் புகைப்படங்களில் குழி முழுக்கச் சிலந்தி வலை கட்டியதுபோல் இருக்கும். காட்சியகத்தில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து நிதானமாகப் பாருங்கள்.

மேலே மஞ்சள் மண், கீழே நீலப் பாறை. மஞ்சள் முடிந்ததும் வைரம் தீர்ந்தது என்று பயந்து சிலர் பங்கை விற்றுவிட்டுப் போனார்கள். உண்மையில் நீலப் பாறைதான் மூலம், மஞ்சள் அதன் உளுத்த மேல்பகுதி. சுமார் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலிருந்து பீறிட்டு வந்த குழம்பு இறுகி, ஒரு கேரட் கிழங்கை நட்டு வைத்ததுபோல் மேலே அகன்று கீழே குறுகி நிற்கிறது. உலகம் முழுவதும் இந்தப் பாறைக்கு கிம்பர்லைட் என்றே பெயர். ஊருக்கு அந்தப் பெயர் வந்தது 1873-ல், லண்டனில் காலனித் துறைக்கு அமைச்சராக இருந்த கிம்பர்லி பிரபுவை வைத்து.

சதுரங்கள் கைமாறிக் கைமாறி, கடைசியில் செசில் ரோட்ஸ், பார்னி பார்னாட்டோ என்ற இருவரின் போட்டியாக வந்து நின்றது. 1888-ல் டி பியர்ஸ் நிறுவனம் உருவானது. மறுவருடம் 53,38,650 பவுண்டுக்கு ஒரே காசோலை எழுதி கிம்பர்லிச் சுரங்கத்தை வாங்கினார்கள். 1914 ஆகஸ்டில் இந்தச் சுரங்கம் நின்றது. அதற்குள் 2.25 கோடி டன் மண்ணும் பாறையும் வெளியே வந்தன. கிடைத்த வைரம் 2,720 கிலோ.

இந்த இரண்டு எண்ணையும் வகுத்துப் பாருங்கள், நான் விடுதி அறையில் உட்கார்ந்து வகுத்தேன். ஒரு கேரட்டுக்கு 1,600 கிலோவுக்கு மேல் மண். பாட்டியின் தோட்டில் மொத்தம் இரண்டு கேரட் இருக்கும் என்று வைத்தால், மூன்று டன்னுக்கு மேல். நம் ஊரில் வீடு கட்ட ஒரு மாட்டு வண்டியில் மணல் அடிப்போமே, அதுபோல் எத்தனை நடை!

உள்ளே: என் வரிசை

வெஸ்ட் சர்க்குலர் ரோட்டில் வாசல். வண்டியை நிறுத்துமிடத்தில் காவல் பார்ப்பவர் இருப்பார், திரும்பி வரும்போது அவருக்கும் சில்லறை. நுழைவுச் சீட்டு வாங்கும்போதே அடுத்த வழிகாட்டிச் சுற்று எப்போது என்று கேட்டு அதில் சேர்ந்துகொள்ளுங்கள். அதற்கு நேரம் இருந்தால் மேடைக்கு ஓடாதீர்கள், காட்சியகத்தில் புகைப்படங்களைப் பாருங்கள். முதலில் சிறு படம் ஒன்று போடுவார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும். தாத்தா பாட்டிக்கு உட்கார இடம் கிடைக்கும்.

பிறகு மேடை. குழியின் விளிம்பிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு நடைபாலம். உயரம் என்றால் தலைசுற்றுபவர்கள் பின்னால் நின்றே பார்க்கலாம், அங்கிருந்தும் தெரியும். காற்று பலமாக இருக்கும். தொப்பி பறக்கும், சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். தோல் செருப்பு வேண்டாம், ஷூ.

இங்கே பதினைந்து நிமிடமாவது நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் குழி சிறியதாகத்தான் தெரியும். அடியில் பச்சையாக ஒரு குளம். அளவு சொல்ல ஒன்றும் பக்கத்தில் இல்லாததால் கண் ஏமாறும். வாய் ஏறத்தாழ 463 மீட்டர் அகலம், 17 ஹெக்டேர். கையால் 240 மீட்டர் ஆழம் வரை தோண்டினார்கள். பின்னால் கல்லும் மண்ணும் விழுந்து 215 மீட்டரானது. அதிலும் 40 மீட்டருக்குத் தண்ணீர். மேலேயிருந்து தண்ணீர் வரை 175 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே இறக்கினாலும் மேலே இன்னும் பாதி விமானத்துக்கு இடம் மிச்சம். எனக்கு அளவு பிடிபட்டது வேறு விதமாக. சுவரோரம் பறவைகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. அவற்றின் முதுகு எனக்குத் தெரிந்தது. அவை கீழே இறங்க இறங்கப் புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லாமல் போனபோதும் தண்ணீர் இன்னும் கீழேதான் இருந்தது. என் பெரியவன் அதுவரை பேசிக்கொண்டே இருந்தவன், வாயை மூடினான்.

அடுத்தது சுவர்களைப் படியுங்கள். மேலே தளர்ந்த மண், சரிந்துகொண்டே போகும் பகுதி. அதன் கீழே செங்குத்தான கடினப் பாறை. கீழே குறுகும் அந்தக் குழல்தான் வைரப்பாறை இருந்த இடம். கண்ணுக்குத் தெரியாத பங்கு இன்னும் இருக்கிறது: திறந்த குழியில் முடியாமல் போனபின் பக்கத்தில் செங்குத்தான சுரங்கக் கிணறு வெட்டி 1,097 மீட்டர் வரை போனார்கள். கையால் தோண்டிய குழிகளில் உலகிலேயே பெரியது எது என்பதில் ஒரு வழக்கு உண்டு. கிம்பர்லிக்காரர்கள் இதுதான் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். 2005-ல் பழைய பதிவுகளைப் பார்த்த உள்ளூர் வரலாற்று ஆய்வாளர் ஒருவர், கையால் தோண்டிய ஆழத்தில் யாகர்ஸ்ஃபொன்டெய்ன்தான் மேல் என்றார். வழிகாட்டியிடம் இதைக் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்.

மேடைக்குப் பிறகு கீழே ஒரு மாதிரிச் சுரங்கம். உண்மையான ஆழத்துக்கெல்லாம் போகாது, அந்தக் காலச் சுரங்கப் பாதையைப்போல் கட்டியிருக்கிறார்கள். இருட்டு, வெடிச்சத்தம் எல்லாம் வரும். சின்னக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள், என் இளையவள் வீறிட்டாள். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் தாண்டிப் போய்விடலாம், பெரிய இழப்பில்லை.

வைரப் பெட்டகத்தைத் தாண்டிப் போனால் இழப்புதான், அதை விடாதீர்கள். கனத்த கதவுக்குப் பின்னால் இருட்டறை. யுரேகா அங்கே இருக்கிறது. '616' என்ற பட்டை தீட்டாத கல்லும் இருக்கிறது, 1974-ல் இதே ஊரின் டுட்டாய்ட்ஸ்பான் சுரங்கத்தில் கிடைத்தது. அதன் எடைதான் அதன் பெயர், 616 கேரட். எட்டு முகம் கொண்ட மங்கலான மஞ்சள் கட்டி. கற்கண்டு என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளலாம்போல இருக்கும். வைரம் என்றால் மின்னும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். மின்னல் எல்லாம் பட்டை தீட்டுபவன் கையில். எனக்கென்னவோ அந்த மங்கல்தான் பிடித்தது.

காட்சியகத்தில் கிரீஸ் மேசையைப் பற்றிக் கேளுங்கள். உடைத்த பாறையைத் தண்ணீரோடு சேர்த்து, கிரீஸ் தடவிய சரிவு மேசைமேல் ஓடவிடுவார்கள். கல்லெல்லாம் நனைந்து வழுக்கிக்கொண்டு போகும். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, கிரீஸ் ஒட்டும், அப்படியே நின்றுவிடும். 1890-களில் டி பியர்ஸ் ஊழியர் ஒருவர் கண்டுபிடித்தது. அதற்கு முன்பு நீலப் பாறையை வயல்வெளியில் நெல் காயப்போடுவதுபோல் மாதக்கணக்கில் பரப்பி, வெயிலிலும் மழையிலும் உதிரவிட்டுக் கழுவினார்கள்.

எல்லோரும் வேகமாகக் கடந்துபோகும் பகுதி ஒன்று உண்டு, தொழிலாளர் குடியிருப்பைப் பற்றியது. அங்கே நில்லுங்கள். 1885 முதல் கறுப்பினத் தொழிலாளர்களை ஒப்பந்தக் காலம் முழுவதும் மூடிய வளாகத்துக்குள் அடைத்து வைத்தார்கள். வேலை, தூக்கம், கடை எல்லாம் உள்ளேதான். வைரத்தை வெளியே வீசிவிடக்கூடாது என்று மேலே கம்பிவலை. ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போகும் முன் பல நாள் தனியறையில் நிறுத்தி, பேதி மருந்து கொடுத்து, விழுங்கிய கல் ஏதும் வருகிறதா என்று பார்த்தார்கள். கரும்புத் தோட்டத்து வரிசைக் குடிலில் நம்மவர்கள் அனுபவித்ததை நினைத்துக்கொண்டு அதைப் படித்தேன். ஒப்பந்தம் முடிந்த நேட்டால் (டர்பன் பக்கத்து) இந்தியர்களில் ஒரு பகுதியினர் இந்த வைர வயல்களுக்கும் பிழைப்புத் தேடி வந்தார்கள், காய்கறி விற்றார்கள், சமையல் வேலை பார்த்தார்கள். அங்கிளின் உறவினர்கள் கிம்பர்லிக்கு வந்ததும் அப்படித்தான்.

கடைசியாகப் பழைய ஊர். அந்தக் காலக் கட்டடங்களைப் பெயர்த்துக்கொண்டுவந்து, சிலவற்றைப் புதிதாகக் கட்டி, ஒரு தெருவாக அமைத்திருக்கிறார்கள். தேவாலயம், கடைகள், மதுக்கடை, குத்துச்சண்டைக் கூடம். 1870-களின் ஜெர்மன் லூதரன் தேவாலயம் உண்மையாகவே பழையது. மற்றவை படம் எடுக்க நன்றாக இருக்கும். அரைமணி போதும்.

எல்லாம் முடிய மூன்று மணி நேரம் ஆகும். முடிந்தால் வெளியே வரும் முன் இன்னொரு தடவை மேடைக்குப் போங்கள். படங்களையும் கம்பிவலையையும் பார்த்துவிட்டு வந்து பார்க்கும் குழி, காலையில் பார்த்த குழி இல்லை.

வைரம் வாங்கலாமா?

ஊரிலிருந்து அத்தை, சித்தி எல்லாம் நிச்சயம் கேட்பார்கள். தெருவில் யாராவது நெருங்கி வந்து, கைக்குட்டையைப் பிரித்து, "பட்டை போடாத கல், மலிவு" என்றால் நின்று பார்க்கக்கூட வேண்டாம். பெரும்பாலும் கண்ணாடி. கண்ணாடியாக இல்லாவிட்டால் இன்னும் மோசம்: உரிமம் இல்லாமல் பட்டை தீட்டாத வைரம் வைத்திருப்பது இந்த நாட்டில் குற்றம். கள்ளக் கல் வாங்குபவனைப் பிடிக்கத் தனிச் சட்டம் போட்டே வளர்ந்த ஊர் இது.

பட்டை தீட்டியது வேண்டுமென்றால் முறையான கடையில், தரச் சான்றிதழும் வரி ரசீதும் வாங்கிக்கொண்டு எடுங்கள். சுற்றுலா விசாவில் வந்திருப்பவர்கள் அந்த ரசீதைக் காட்டி விமான நிலையத்தில் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பக் கேட்கலாம். பொருளை அங்கே காட்டச் சொல்வார்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். இங்கே வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. விலை நம் ஊரைவிட மலிவு என்றும் நினைக்காதீர்கள். சுரங்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கல் மலிவாகாது, கன்னியாகுமரியில் உப்பு மலிவாவதுபோல் இல்லை இது.

மீதி நேரத்துக்கு

பிற்பகலில் ஏஞ்சல் தெருவில் சால் ப்ளாச்சியின் வீட்டைப் பாருங்கள். 1912-ல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் கட்சியின் முன்னோடி அமைப்புக்கு முதல் பொதுச்செயலாளராக இருந்தவர், பத்திரிகையாளர். சிறிய வீடு, திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். மக்ரிகர் அருங்காட்சியகம் பெரியது. 1899 அக்டோபரிலிருந்து 124 நாள் போயர்கள் (டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகள்) இந்த ஊரை முற்றுகையிட்டபோது ரோட்ஸ் தங்கியிருந்த கட்டடம் அது. முற்றுகையின் கடைசி நாட்களில் குண்டுக்குப் பயந்து பெண்களையும் குழந்தைகளையும் சுரங்கத்துக்குள் இறக்கிப் பாதுகாத்தார்கள். 1882-லேயே தெருவிளக்குக்கு மின்சாரம் போட்ட ஊர் இது. மின்வெட்டு வரும் இரவுகளில் இந்தத் தகவலைச் சொல்லி விடுதிக்காரரைச் சிரிக்க வைத்தேன்.

குழந்தைகளுக்கு வரலாறு அலுத்துவிட்டால் ஊருக்கு வடக்கே என்-12 ஓரமாகவே காம்ஃபர்ஸ் டாம் என்ற ஏரி. தண்ணீர் இருக்கும் காலத்தில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக நிற்கும். ஜோகன்னஸ்பர்க் திரும்பும் வழிதான், தனியாகச் சுற்ற வேண்டியதில்லை. தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள்.

யாகர்ஸ்ஃபொன்டெய்னைப் பார்த்தே தீரவேண்டும் என்று என்னைப்போல் யாராவது இருந்தால், கிம்பர்லியிலிருந்து தென்கிழக்கே இரண்டு மணி நேரப் பயணம். சின்ன ஊர். 1893-ல் எக்ஸெல்சியர் என்ற 995 கேரட் கல் கிடைத்தது இங்கே, பன்னிரண்டு வருடம் கழித்து ப்ரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் கல்லினன் என்ற வைரம் கிடைக்கும் வரை அதைவிடப் பெரிய வைரத்தை யாரும் பார்த்ததில்லை. 2022 செப்டம்பர் 11 அன்று பழைய சுரங்கக் கழிவைத் தேக்கி வைத்திருந்த அணை உடைந்து, சாம்பல் நிறச் சேறு வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்கள் போயின. போகிறவர்கள் அது ஒரு துக்கம் நடந்த ஊர் என்ற நினைவோடு போகவேண்டும். வீடுகளையும் மனிதர்களையும் படம் பிடிக்காதீர்கள்.

அவ்வளவு தூரம் முடியாது என்கிறவர்களுக்கு ஜோகன்னஸ்பர்க்கிலேயே கோல்ட் ரீஃப் சிட்டி இருக்கிறது. பழைய க்ரவுன் சுரங்கத்தின் 14-ஆம் சுரங்கக் கிணற்றின்மேல் கட்டிய பொழுதுபோக்குப் பூங்கா, தங்கச் சுரங்கத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ராட்டினச் சத்தத்துக்கு நடுவில் பார்க்கவேண்டும், அதுதான் குறை. கல்லினன் வைரம் கிடைத்த, அதே பெயர் கொண்ட ஊரிலும் சுற்றுலா உண்டு. அங்கே சுரங்கம் இன்னும் வேலை செய்கிறது, அதனால் முன்பதிவு அவசியம், சின்னப் பிள்ளைகளை நிலத்தடிக்கு விடமாட்டார்கள்.

திரும்பும் நாளில் கிம்பர்லியிலேயே டாங்கை நிரப்பி, காலை பத்துக்குள் கிளம்புங்கள். குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டியைக் காணொளியில் அழைத்து, மேடையில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஜாகர் என்பது ஓர் ஊர், கையாலேயே தோண்டினார்கள், ஒரு தோட்டுக்கு மூன்று டன் மண் என்றெல்லாம் சொன்னேன். "அந்த மண்ணெல்லாம் எங்கே கொண்டு போய்க் கொட்டினாங்க?" என்று கேட்டார். அதை வழிகாட்டியிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் ஊருக்குள் நுழையும்போது சாலையோரம் தட்டையான உச்சியோடு சாம்பல் மேடுகளைப் பார்ப்பீர்கள்.